மாடி வீட்டுக்கு யூனிட் 10 ரூபா வாங்கலாமா? கருங்கல் வாசகிக்கு ஒரு வக்கீலோட பதில்

கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா நீளமா ஒரு லெட்டர் போட்டிருக்காங்க. பேரு, தெரு எல்லாம் விட்டுட்டு விஷயத்தை மட்டும் சுருக்கி சொல்றேன்.

கணவர் மஸ்கட்ல. வீட்டுல இவங்க, மாமியார், பிளஸ் டூ படிக்கிற பொண்ணு. மாடியை கட்டி முடிச்சு, மார்த்தாண்டத்துல ஜவுளிக்கடையில வேலை பாக்கிற ஒரு தம்பியோட குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்காங்க, எல்லாம் வாய் பேச்சுதான், பத்திரம் எதுவும் போடல. மொத்த வீட்டுக்கும் ஒரே ஈபி கனெக்ஷன், மாடிக்கு மட்டும் தனியா ஒரு சப் மீட்டர். மாடியில ஆள் வர்றதுக்கு முந்தி 490 யூனிட் ஓடி 1,742 ரூபா வந்த பில், இந்த தடவை 780 யூனிட், 4,581 ரூபா. சப் மீட்டர்ல 290 யூனிட் காட்டியிருக்கு. இவங்க யூனிட்டுக்கு 10 ரூபா கணக்குல 2,900 கேட்டிருக்காங்க. அந்த தம்பி, "ஈபி ரேட்டே 4 ரூபா 70 காசுதானே அக்கா, நீங்க எதுக்கு 10 வாங்குறீங்க"ன்னு சொல்லி 1,363 ரூபாயை குடுத்துட்டு நிறுத்திட்டார். அதுல இருந்து பேச்சு வார்த்தை இல்ல, மாடிப்படியில எதிர்ல வந்தா முகத்தை திருப்பிக்கிறாங்களாம்.

இவங்க கேக்கிறது இதுதான். மீட்டர் ஜம்ப் ஆகுதா? 500 யூனிட் தாண்டினா எல்லா யூனிட்டுக்கும் பெரிய ரேட்டு போட்டு, இலவச 100 யூனிட்டையும் கட் பண்ணிடுவாங்களாமே, பாறசாலையில கட்டிக்குடுத்த தங்கச்சி சொல்றா, உண்மையா? மிச்ச காசு தரலன்னா மாடி ஃபியூஸை எடுத்துடலாமா? மாமியார் பேர்ல கீழ் வீட்டுக்கே இன்னொரு மீட்டர் வாங்கினா பில் குறையுமா? கடைசியா ஒரு ஆதங்கம், ஆரல்வாய்மொழி முழுக்க கரண்ட் எடுக்கிற காத்தாடி சுத்துது, நமக்கு எதுக்கு இவ்வளவு கரண்ட் சார்ஜ்?

அக்கா, உங்க லெட்டரை படிச்சதும் எனக்கு முதல்ல தோணினது, நீங்க அந்த தம்பியை ஏமாத்தணும்னு 10 ரூபா கேக்கல. ஆள் வர்றதுக்கு முந்தி 1,742, வந்த பிறகு 4,581, வித்தியாசம் 2,839 ரூபா, அதை 290 யூனிட்டால வகுத்தா யூனிட்டுக்கு 9 ரூபா 79 காசு, அதைத்தான் ரவுண்டா 10ன்னு போட்டிருக்கீங்க. கணக்கு ஒரு வகையில சரிதான். அந்த தம்பி சொல்றதும் அவர் பக்கத்துல இருந்து பாத்தா தப்பில்ல. ரெண்டு பேரும் நியாயமா இருந்தும் சண்டை வந்திருக்குன்னா பிரச்சனை ஆளுங்ககிட்ட இல்ல, ஒரே கனெக்ஷன்ல ரெண்டு குடும்பம் ஓடுறதுலதான் இருக்கு. அதை சரி பண்றது எப்படின்னு கடைசியில வர்றேன், அதுக்கு முன்னாடி பில்லை பிரிச்சு பாக்கணும்.

4,581 எப்படி வந்துச்சு

முதல்ல ஒண்ணு, லெட்டர்ல எல்லா இடத்துலயும் "மாச பில்"னு எழுதியிருக்கீங்க. தமிழ்நாட்டுல வீட்டு கனெக்ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங், அதனால 4,581ங்கிறது ரெண்டு மாச காசு. அந்த தம்பிகிட்ட பேசும்போதும் இதை தெளிவா சொல்லுங்க, மாசா மாசம் 2,900 கேக்கிறீங்கன்னு அவங்க வீட்டுல நினைச்சிருந்தா கோபம் வரத்தான் செய்யும்.

இப்ப ரேட்டு. 2024 ஜூலை 1ல இருந்து நம்ம கையை விட்டு போற ரேட்டு இதுதான், 2025 ஜூலைல 3.16 சதவீதம் ஏத்தினப்பவும் வீட்டு கனெக்ஷனுக்கு அந்த உயர்வை அரசாங்கமே ஏத்துக்கிட்டதால மாறல. ரெண்டு மாசத்துல 500 யூனிட்டுக்குள்ள நின்னா முதல் 100 யூனிட் சும்மா, 101ல இருந்து 200 வரை 2 ரூபா 35 காசு, 201ல இருந்து 400 வரை 4 ரூபா 70 காசு, 401ல இருந்து 500 வரை 6 ரூபா 30 காசு. 500ஐ தாண்டிட்டா அந்த 2.35 ரேட்டு போயிடும், 101ல இருந்து 400 வரைக்கும் 4.70 ஆயிடும், 401-500 அதே 6.30, அதுக்கு மேல 501-600 வரை 8.40, 601-800 வரை 9.45, 801-1000 வரை 10.50, 1000 தாண்டினா 11.55.

உங்க 780 யூனிட்டை இதுல போட்டு பாருங்க. முதல் 100 சும்மா. அடுத்த 300 யூனிட்டுக்கு 1,410. அடுத்த 100க்கு 630. அடுத்த 100க்கு 840. மிச்சம் 180 யூனிட்டுக்கு 9.45 வீதம் 1,701. கூட்டினா 4,581, பைசா மாறாம வருது.

அப்போ தங்கச்சி சொன்னது? இலவச 100 யூனிட் 2016 மே மாசம் வந்தது, எவ்வளவு ஓட்டினாலும் எல்லா வீட்டுக்கும் உண்டு, 500 தாண்டினா அது கட் ஆகாது. கட் ஆகுறது 101-200க்கு இருந்த அந்த 2.35 பாதி ரேட்டு மட்டும்தான். எல்லா யூனிட்டுக்கும் ஒரே பெரிய ரேட்டு போடுறதும் இங்க கிடையாது. ஆனா தங்கச்சி பொய் சொல்லல, பாறசாலை கேரளா, அங்க மாசம் 250 யூனிட் தாண்டினா மொத்த யூனிட்டுக்கும் ஒரே ரேட்டுதான் போடுவாங்க, கூடவே ஃபிக்ஸட் சார்ஜ், டூட்டிங்கிற மின்சார வரின்னு வேற வரும். களியக்காவிளை செக்போஸ்டுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் சொந்தபந்தம் கலந்து கிடக்கிற நம்ம ஜில்லாவுல இந்த குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு. அங்கத்த கணக்கு இங்க செல்லாது, இங்கத்த கணக்கு அங்கயும் செல்லாது.

நம்ம பக்கம் 500ங்கிற கோடுதான் முக்கியம். சரியா 500 ஓடினா 1,805 ரூபா. 501 ஓடினா 2,048 ரூபா 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபா. 300 யூனிட் ஓட்டுற வீட்டுக்கு 705, 400 ஓட்டுற வீட்டுக்கு 1,175, அதுவே 600 ஆனா 2,880, 800 ஆனா 4,770. யூனிட் 400ல இருந்து 800 ஆகும்போது ரெண்டு மடங்குதான், காசு நாலு மடங்கு. உங்க வீட்டுல நடந்ததும் இதுதான்.

மீட்டர் மேல சந்தேகம்

இது சீக்கிரம் முடிஞ்சிடும். மெயின் மீட்டர் 780, சப் மீட்டர் 290, கழிச்சா கீழ் வீட்டுக்கு 490, மாடியில ஆள் வர்றதுக்கு முந்தி உங்களுக்கு ஓடினதும் அதே 490. மெயின் மீட்டர் கூடுதலா ஓடியிருந்தா அந்த 490 அதிகமாயிருக்கணுமே. உங்க கணக்கே மீட்டர் சரின்னு சொல்லிடுச்சு.

இருந்தாலும் மனசு கேக்கலன்னா ஒண்ணு பண்ணுங்க. கீழ, மாடி ரெண்டு வீட்டு மெயின் ஸ்விட்சையும் ஆஃப் பண்ணிட்டு மீட்டர்ல மினுக்குற அந்த சின்ன சிவப்பு லைட்டை ஒரு பத்து நிமிஷம் பாருங்க. மினுக்காம இருந்தா சரி. மினுக்கினா எங்கயோ லீக் இருக்கு, இல்லன்னா யாரோ இழுத்திருக்காங்க, உடனே எலக்ட்ரீஷியனை கூப்பிடுங்க, அது காசு விஷயம் மட்டும் இல்ல, ஷாக் அடிக்கிற விஷயம். மீட்டர்லயே கோளாறுன்னு தெரிஞ்சா ஈபி செக்ஷன் ஆபீஸ்ல எழுதிக்குடுத்து ஃபீஸ் கட்டினா டெஸ்ட் பண்ணி குடுப்பாங்க. அங்க வேலை நடக்கலன்னா ஈபியோட புகார் மையம் மின்னகம் 94987 94987, அதுக்கும் மேல நாகர்கோவில் சர்க்கிள் ஆபீஸ்ல நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கு. உங்களுக்கு இப்ப அது தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்.

காத்தாடி விஷயம், அக்கா, அந்த ஆதங்கம் நம்ம எல்லாருக்கும் உண்டு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்து காத்தாடியில நிறைய தனியார் கம்பெனிகளோடது, அந்த கரண்டும் சரி, நம்ம கோதையாறு தண்ணியில எடுக்கிற கரண்டும் சரி, ஸ்டேட் கிரிட்ல போய் சேந்துடும். ரேட்டு போடுறது மின்சார ஒழுங்குமுறை ஆணையம், கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் ஒரே ரேட்டுதான்.

10 ரூபா வாங்குறது சரியா

சட்டப்படி பாத்தா, கரண்டை வாங்கி லாபத்துக்கு விக்கிற உரிமை லைசென்ஸ் உள்ளவங்களுக்கு மட்டும்தான், 2003 மின்சார சட்டம் அப்படித்தான் சொல்லுது. வீட்டுக்காரர் ஈபிக்கு கட்டின காசுல குடியிருக்கவங்களோட பங்கை வாங்கிக்கலாம், அதுக்கு மேல ஒரு ரூபாயும் சம்பாதிக்கக்கூடாது. நீங்க சம்பாதிக்கல, அது எனக்கு புரியுது. ஆனா யூனிட் கூடினதால மேல ஏறின ஸ்லாப், அதாவது பெரிய ரேட்டு மொத்தத்தையும் அவர் தலையில வச்சிட்டீங்க. இலவச 100 யூனிட், சின்ன ரேட்டு யூனிட் எல்லாம் உங்களுக்கு, 8.40, 9.45 எல்லாம் அவருக்குன்னு ஆயிடுச்சு. அவர் யூனிட் மேல "இது கடைசியில ஓடினது"ன்னு எழுதியா வச்சிருக்கு? ரெண்டு வீடும் ஒரே நேரத்துலதானே ஓடுது. அவருக்கு தனி மீட்டர் இருந்திருந்தா அதே 290 யூனிட்டுக்கு அவர் 658 ரூபாதான் கட்டியிருப்பார், நீங்க கேட்டது 2,900. இந்த கணக்கை எந்த அதிகாரி முன்னாடி வச்சாலும் உங்க பக்கம் நிக்கிறது கஷ்டம்.

அதே நேரம் அவர் 4.70 போட்டு குடுத்ததும் சரியில்ல. நீங்க கட்டின மொத்த காசுல அவர் பங்கு அது இல்ல. இந்த மாதிரி இடத்துல நான் சொல்ற வழி சராசரி ரேட்டு. 4,581ஐ 780ஆல வகுத்தா யூனிட் 5 ரூபா 87 காசு. அவர் பங்கு 1,703, உங்க பங்கு 2,878. அவர் 1,363 குடுத்துட்டார், மிச்சம் 340 ரூபா. 1,537 ரூபாய்க்கு ஓடிக்கிட்டு இருக்கிற சண்டை 340 ரூபா சண்டையா ஆயிடுச்சு பாத்தீங்களா, பில்லையும் சப் மீட்டர் ரீடிங்கையும் ஒரு பேப்பர்ல எழுதி, மேல போய் அவர் முன்னாடியே வகுத்து காட்டுங்க, அனேகமா குடுத்துடுவார்.

"எனக்கு 1,136 ரூபா நஷ்டம் ஆகுதே"ன்னு நீங்க கேப்பீங்க. ஆமா, ஆகுது. தனி கனெக்ஷன் வாங்காம மாடியை வாடகைக்கு விட்டது வீட்டுக்காரங்க முடிவு, அதோட செலவை முழுசா வந்தவர் மேல போட முடியாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஃபியூஸ்ல கை வைக்காதீங்க

இதை மட்டும் ரொம்ப அழுத்தி சொல்றேன். காசு தரல, வாடகை பாக்கி, வாய்ச்சண்டை, காரணம் எதுவா இருந்தாலும் குடியிருக்கவங்களோட தண்ணி, கரண்டை நிறுத்தக்கூடாது. 2017ல கொண்டு வந்து 2019ல அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகை சட்டத்துல இது தெளிவா இருக்கு. நிறுத்தினா அவர் வாடகை அதிகாரிகிட்ட மனு குடுப்பார், உடனே திருப்பி குடுக்கச்சொல்லி ஆர்டர் வரும், நஷ்ட ஈடு கேள்வியும் வரும். அது வரைக்கும் 340 ரூபா பாக்கி வச்ச ஆளா இருந்தவர், ஃபியூஸை எடுத்த நிமிஷத்துல இருந்து பாதிக்கப்பட்ட ஆளா ஆயிடுவார். மாடியில கைக்குழந்தை இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க அக்கா, ராத்திரி ஃபேன் இல்லாம அந்த குழந்தை அழுதா உங்களுக்கே தூக்கம் வராது.

காசு வரலன்னா வழி இருக்கு. தேதி போட்டு எழுதி குடுங்க, அட்வான்ஸ்ல கழிக்கிறத பத்தி பேசுங்க, ஆனா இதுக்கெல்லாம் கையில ஒரு எழுத்து வேணும், உங்ககிட்ட அதுவே இல்ல. அந்த சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், அதை வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணணும், ஆன்லைன்லயே பண்ணலாம். அதுல வாடகை, அட்வான்ஸ் மட்டும் இல்லாம கரண்ட் காசை எப்படி பிரிக்கிறதுன்னு ஒரு வரி கண்டிப்பா சேருங்க. எழுத்துல இல்லாத எதையும் நாளைக்கு ரெண்டு பேருமே நிரூபிக்கிறது கஷ்டம்.

மாமியார் பேர்ல இன்னொரு மீட்டர்

கீழ் வீட்டுல ஏசி ரூமுக்கு மட்டும் மாமியார் பேர்ல ஒரு கனெக்ஷன், அதுக்கும் 100 யூனிட் இலவசம் கிடைக்கும்னு யாரோ யோசனை சொல்லியிருக்காங்க. வேண்டாம். ஒரே அடுக்களை, ஒரே வாசல், ஒரே குடும்பம்னா அது ஒரே வீடு, ஒரு கனெக்ஷன்தான். பேரு வேறயா இருந்தாலும் நேர்ல வந்து பாத்தா தெரிஞ்சிடும், ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கிடுவாங்க, அதுக்கு மேல பழைய பில்லை எல்லாம் திருப்பி கணக்கு பாக்க ஆரம்பிச்சா வயசான காலத்துல அவங்களுக்கு எதுக்கு அந்த அலைச்சல்.

மாடிக்கு தனி கனெக்ஷன், இதுதான் என் பதில்

மாடி கதை வேற. வெளியில இருந்து தனி படி, தனி வாசல், தனி அடுக்களை, வேற குடும்பம். இதுக்கு தனி கனெக்ஷன் கேக்கிறது உங்க உரிமை, இதுல ஒளிச்சு மறைக்க ஒண்ணும் இல்ல. வீடு உங்க பேர்ல இருக்கிறதுக்கான பத்திரம், வீட்டு வரி ரசீது, ஆதார் இதெல்லாம் வச்சு ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம், செக்ஷன் ஆபீஸ்ல இருந்து வந்து இடத்தை பாத்து எஸ்டிமேட் போடுவாங்க. வீடு கணவர் பேர்ல இருந்தா அவர் லீவுல வரும்போது கையெழுத்து வாங்குற மாதிரி பிளான் பண்ணிக்கோங்க. அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வச்சு மாடி வயரிங் கீழ் வீட்டோட எங்கயும் கலக்கலன்னு உறுதி பண்ணுங்க, நியூட்ரல் வயர் ஒரு இடத்துல சேந்திருந்தாலும் பின்னாடி தொல்லை.

கணக்கை பாருங்க. நீங்க 490, பில் 1,742. மாடி 290, பில் 658. ரெண்டும் சேத்து 2,400. இப்ப கட்டுறது 4,581. ஒவ்வொரு ரெண்டு மாசத்துக்கும் 2,181 ரூபா வீட்டை விட்டு வெளிய போகுது, ஆறு பில்லுல 13,000க்கு மேல. கனெக்ஷனுக்கு ஆகுற செலவை இதோட வச்சு பாத்தா யோசிக்கவே வேண்டாம். கனெக்ஷன் உங்க குடும்பத்து பேர்லயே இருக்கட்டும், பில்லை அவர் நேரா கட்டட்டும், யாரும் யார்கிட்டயும் யூனிட் கணக்கு கேக்க வேண்டியது இல்ல. தனி கனெக்ஷன் வர்ற வரைக்கும் சராசரி ரேட்டு.

ஒரு விஷயம் உங்க லெட்டர்ல ஓரமா வந்துச்சு, ஆனா எனக்கு பெருசா பட்டுது. கிணத்து மோட்டர். ரெண்டு வீட்டுக்கும் தண்ணி ஏத்துறது அந்த 1 எச்பி மோட்டர்தான், அது உங்க லைன்ல ஓடுது. தினம் முக்கா மணி நேரம்னு எழுதியிருக்கீங்க, அப்போ ரெண்டு மாசத்துக்கு கிட்டத்தட்ட 45 யூனிட். தனி கனெக்ஷன் வந்த பிறகும் அது உங்க மீட்டர்லயே இருந்தா நீங்க 490ல நிப்பீங்க, 500க்கு பத்து யூனிட்தான் பாக்கி. பங்குனி, சித்திரையில பொண்ணு பரீட்சைக்கு ராத்திரி ஏசி போட்டு படிச்சா, ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல இழுக்கும், ஒரு ரெண்டு ராத்திரியிலயே கோட்டை தாண்டிடுவீங்க. மாமியாருக்கு குளிக்க போடுற ஹீட்டரும் 2,000 வாட்ஸ்னா அரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட்.

அதனால அப்ளிகேஷன் குடுக்கும்போதே மோட்டர் விஷயத்தையும் செக்ஷன் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. ரெண்டு வீட்டுக்கும் பொதுவான மோட்டருக்குன்னு தனி கனெக்ஷன் எடுக்கணும்னு சொன்னா அதுக்கு இலவச 100 யூனிட் கிடையாது, ரேட்டும் வேற, அதையும் சேத்து கணக்கு போட்டுட்டு முடிவு பண்ணுங்க. அவங்க ஒத்துக்கிட்டா மோட்டரை மாடி மீட்டர்ல மாத்துங்க. மாடி 335 யூனிட் ஆகும், பில் 869 ரூபா 50 காசு. நீங்க 445க்கு இறங்குவீங்க, பில் 1,458 ரூபா 50 காசு, ஏசிக்கு 55 யூனிட் இடமும் கிடைக்கும். மோட்டரால அந்த தம்பிக்கு கூடுறது 211 ரூபா 50 காசு, அதுல பாதி, 106 ரூபா, ஒவ்வொரு பில்லுக்கும் நீங்க அவருக்கு குடுக்கிறதா ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க.